தென்னைக்கும் என்னைக்கும் நடுவில் ஒரு மூச்சு

தங்கச்சி, போன வாரம் போனில் கேட்டாயே, பையனுக்கு வாசித்துக் காட்டத் தமிழில் நல்ல பாட்டுப் புத்தகம் எது என்று. சுங்கை ஆயர் தாவாரில் இருந்துகொண்டு அதைத் தேடுவது லேசில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைகளில் பயிற்சி நூல்தான் அடுக்கியிருக்கும். பாட்டுப் புத்தகத்துக்குக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ பஸ் ஏற வேண்டும். நான் என் பிள்ளைகளை வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேள்.

முதலில் அழ. வள்ளியப்பா. பேரைக் கேட்டதும் "அவர்தான் தெரியுமே" என்பாய். பள்ளிப் புத்தகத்தில் வந்த நாலைந்து பாட்டுதான் நமக்குத் தெரியும். அவர் 1944-இல் 23 பாட்டுகளோடு 'மலரும் உள்ளம்' என்று சின்னத் தொகுப்பாக ஆரம்பித்தவர். பிறகு எத்தனையோ புத்தகங்கள். அதில் 'ஈசாப் கதைப் பாடல்கள்' உன் பையனுக்குச் சரியாக இருக்கும். நரி, காக்கை, ஆமை எல்லாம் பாட்டிலேயே வந்து போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு வெறும் வருணனை சலித்துவிடும். அடுத்து என்ன நடந்தது என்பதுதான் அதற்கு வேண்டும். கவிமணியின் குழந்தைப் பாட்டுகளை அதற்கு அடுத்தபடி வைத்துக்கொள்.

நான் ரொம்பவும் ஆசைப்பட்டுச் சொல்லப் போவது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1878-இல் பிறந்தவர். இலங்கைப் பிள்ளைகள் 'தங்கத் தாத்தா' என்றே சொல்வார்கள். நம் பக்கம் அவரை அறிந்தவர்கள் குறைவு, அது எனக்கு மனத்தாங்கல். அவருடைய 'ஆடிப்பிறப்பு' பாட்டில் நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று பிள்ளைகள் குதிக்கிறார்கள், வீட்டில் கூழும் கொழுக்கட்டையும் தயாராகின்றன. மாவு, தேங்காய், பனங்கட்டி என்று வாசிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும். பனங்கட்டி என்றால் என்ன என்று பையன் கேட்பான். அகராதிக்குப் போகாதே. அடுக்களையிலிருந்து ஒரு துண்டு குலா மெலாகாவை எடுத்து அவன் நாக்கில் வை. அது தென்னையிலிருந்து வருவது, பனங்கட்டி பனையிலிருந்து வருவது, இரண்டும் அக்கா தங்கச்சி என்று சொல். அவரே 'கத்தரி வெருளி' என்றும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். வெருளி என்றால் நம் சோளக்கொல்லைப் பொம்மை. செகிஞ்சான் பக்கம் வயலோரமாகக் காரில் போகும் நாளில் அதைப் பாடிக் காட்டு. இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்திலும், தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் பழைய பிள்ளைப் பாட்டு நூல்களைத் தேடிப் பார். இரண்டும் இலவசம்.

நம் மண்ணின் பாட்டு வேண்டுமென்றால் கேரித்தீவில் பிறந்த முரசு நெடுமாறன் இருக்கிறார். ஆசிரியராக இருந்து பிள்ளைகளுக்கென்றே எழுதியவர். அவர் புத்தகம் கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் வாங்கு.

இனி வாசிக்கும் விதம். இங்கேதான் நான் முதலில் தவறினேன். பாலர் பள்ளியில் ஆங்கிலப் பாட்டு சொல்லித் தரும்போது ஆசிரியை கடைசிச் சொல்லை விழுங்கிக்கொண்டு பிள்ளைகளைச் சொல்லவைப்பார். நானும் தமிழ்ப் பாட்டில் அப்படியே செய்தேன்; மகன் விழித்தான். தமிழில் ஓசை பெரும்பாலும் அடியின் தலையில் இருக்கிறது. எதுகை என்று படித்தோமே, இரண்டாம் எழுத்து ஒத்துவருவது, அதுதான். நானே கட்டிய இரண்டு வரியைப் பார்:

தென்னை மேலே அணிற்பிள்ளை
என்னைப் பார்த்து வாலாட்டும்

முதல் வரியை முழுசாகச் சொல்லி நிறுத்து. 'தென்னை'யைக் கொஞ்சம் அழுத்து. ஒரு மூச்சு விட்டுப் பையன் முகத்தைப் பார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு 'என்னை' அவன் வாயிலிருந்தே வரும். அதுவரைக்கும் நீ அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே. இருபத்தைந்து வருசமாகத் தமிழ் பேசுகிற எனக்கே அந்த மூச்சின் அருமை மகனோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

பழைய புத்தகங்களில் படம் மங்கலாக இருக்கும், சிலதில் படமே இருக்காது. படத்தை நீங்களே போடுங்கள். மளிகைக் கடையில் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர் இருக்கிறதே, தேதி முடிந்த தாளின் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். ஆறு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடி. மடிப்பில் மூன்று ஓட்டை போட்டுக் கோணி ஊசியால் தடித்த நூலைக் கோத்துக் கட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு அடி. எழுத்து உன் கட்டைவிரல் அளவு இருக்கட்டும். படத்தைப் பையன் வரையட்டும். யானையை நீலமாகத் தீட்டினால் விட்டுவிடு. வழவழப்பான தாளில் மெழுகு வண்ணம் சரியாகப் பிடிக்காது, மார்க்கர் பேனாதான் நல்லது. ஆனால் காயும்வரை பக்கத்தை மூடாதே.

கடையில் வாங்கும் படப்புத்தகமும் ஒன்று இருக்கட்டும் என்றால், சென்னை தூலிகா பதிப்பகத்தின் 'கஜபதி குலபதி' வாங்கு. அசோக் ராஜகோபாலன் எழுதி அவரே வரைந்தது. பாட்டு இல்லை, ஆனால் சளி பிடித்த யானை தும்முகிற சத்தத்துக்கே பிள்ளைகள் உருளும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. என் மகன் ஒரு பாட்டை முழுசாகப் பாடிய சந்தோசத்தில், தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னேன். பாதியில் மறந்துபோனான். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் புத்தகத்தை எடுத்தாலே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான்தான் தினமும் துணி மடிக்கும்போது எனக்குள் பாடிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, அடுத்த வரியின் முதல் சொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

காலண்டர் தாளை இப்போதிருந்தே சேர்த்து வை. ஜூலை பாதியில் ஆடி பிறக்கும்போது வருகிறேன். குலா மெலாகா நான் வாங்கி வருகிறேன், தேங்காயை நீ துருவி வை.