ஆங்கில வினைக்குத் தமிழ் உரைகல்

ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது தமிழ்வழியில் படித்து வந்த நம்மைத் தடுமாற வைப்பவை பெயர்ச்சொற்கள் அல்ல. மேசைக்கும் வெப்பமானிக்கும் உரிய ஆங்கிலப் பெயரை ஒருமுறை கற்றால் போதும். தடுமாற்றமெல்லாம் வினைச்சொல்லில்தான். ‘ரைஸ்’ என்பதா, ‘ரெய்ஸ்’ என்பதா? ‘பாரோ’ என்பதா, ‘லெண்ட்’ என்பதா? ‘சே’ என்பதா, ‘டெல்’ என்பதா? பேனா நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் நம் அறிவுக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் இல்லையே என்று ஏங்குவோரும் உண்டு. என் கருத்து வேறு. குழப்பம் தரும் ஆங்கில வினைகளை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். தமிழும் ஏற்கெனவே வேறுபடுத்தி வைத்திருக்கும் வினைகள் ஒரு குவியல். தமிழில் ஒரே சொல்லாக இருந்து, ஆங்கிலத்தில் பலவாகப் பிரியும் வினைகள் மற்றொன்று. முதற் குவியலுக்குத் தமிழே விடை சொல்லிவிடும். இரண்டாவதற்கு மட்டும் நாம் புதிதாக உழைத்தால் போதும்.

தானே நிகழ்வதும் நாம் நிகழ்த்துவதும்

‘ரைஸ்’ என்றால் உயர்தல், ‘ரெய்ஸ்’ என்றால் உயர்த்துதல். சூரியன் எழுகிறது, அது ‘ரைஸ்’. கையை உயர்த்துகிறோம், அது ‘ரெய்ஸ்’. ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். புத்தகம் மேசைமேல் கிடக்கிறது, தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள். ‘ஃபால்’ என்றால் விழுதல். மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’ என்று தனி வினையே உண்டு.

நாம் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை அல்லவா இது! ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் வினையிலிருந்து பிறவினை ஆக்கும் முறை ஒன்று இருந்தது. அதன் எச்சமாகவே இத்தகைய சில இணைகள் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் எச்சமாகிவிட்ட அம்முறை தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருந்து–திருத்து, ஆடு–ஆட்டு, எழு–எழுப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

என் தாய் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆயினும் பானை தானாக உடைந்தால் ‘உடைந்தது’ என்பார். யாரேனும் உடைத்தால் ‘உடைத்துவிட்டான்’ என்பார். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. தன்வினை, பிறவினை என்னும் பெயர்கள் அவருக்குத் தெரியாது, அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘ப்ரேக்’ ஒன்றே. ஆய்வகத்தில் முகவை நொறுங்கிவிட்டால், “உடைந்துவிட்டது ஐயா!” என்று நாம் அனைவரும் தன்வினையில் பேசுவதன் இரகசியமும் இதுதான்!

அறிவியல் மாணவருக்கு இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. சூடான ஈயக் குண்டுகளைக் கலோரிமீட்டரில் உள்ள நீரில் இட்டோம். நீரின் வெப்பநிலை உயர்ந்தது. இங்கே ‘ரைஸ்’. நீரை அடுப்பில் வைத்து அதன் வெப்பநிலையை நாம் உயர்த்தினோம். இங்கே ‘ரெய்ஸ்’. முதல் வாக்கியம் நாம் கண்டதைச் சொல்கிறது, இரண்டாவது நாம் செய்ததைச் சொல்கிறது. காட்சியையும் செயலையும் கலந்து எழுதினால், சோதனையில் நடந்தது என்ன என்பதே படிப்பவருக்குப் புரியாமல் போகும்.

இவ்விணைகளில் ஒரு பொறி மட்டும் உண்டு. ‘லை’ என்பதன் இறந்தகாலம் ‘லே’. கிடத்துதலைக் குறிக்கும் ‘லே’ என்பதன் இறந்தகாலம் ‘லெய்ட்’. நேற்று என்ற சொல்லை முன்னால் வைத்து இரண்டையும் பத்து முறை எழுதிப் பார்த்தால் பொறி விலகும்.

வருவதும் போவதும்

‘கம்’, ‘கோ’ என்பவற்றில் நமக்குக் குழப்பம் குறைவு. ஆனால் ‘ப்ரிங்’, ‘டேக்’ என்றதும் தயங்குகிறோம். கொண்டு வருதல் ‘ப்ரிங்’. கொண்டு போதல் ‘டேக்’. “நாளை உன் வீட்டுக்கு வருகிறேன், நோட்டைக் கொண்டு வருகிறேன்” என்கிறோம். “அவன் வீட்டுக்குப் போகிறேன், நோட்டைக் கொண்டு போகிறேன்” என்கிறோம். பேசுபவரை நோக்கியோ, கேட்பவரை நோக்கியோ நடந்தால் வருதல். மற்றவரை நோக்கி நடந்தால் போதல். ஆங்கிலமும் பெரும்பாலும் இவ்வழியே செல்கிறது.

இதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்பது அவர் கண்ட நெறி.

‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டும் திசையைப் பொறுத்தவையே. இரவல் வாங்குவது ‘பாரோ’. இரவல் கொடுப்பது ‘லெண்ட்’. நூலகம் நமக்கு ‘லெண்ட்’ செய்கிறது, நாம் நூலகத்திலிருந்து ‘பாரோ’ செய்கிறோம். புத்தகம் ஒன்றே, எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறோம் என்பதே கேள்வி.

ஒன்று பலவாகும் இடம்

இனி இரண்டாவது குவியல். இங்கே தமிழை அப்படியே நம்பினால் வழி தவறும். ‘பார்’ என்னும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று உண்டு. கண்ணில் தானாகப் படுவது ‘சீ’. கண்ணை ஒன்றின்மேல் செலுத்துவது ‘லுக்’. மாறுவதையோ நகர்வதையோ தொடர்ந்து கவனிப்பது ‘வாட்ச்’. நுண்ணோக்கி வழியாக ‘லுக்’ செய்தால் செல்களைச் ‘சீ’ செய்கிறோம். தரம்பார்த்தலில் நிறம் மாறும் வரை கரைசலை ‘வாட்ச்’ செய்கிறோம்.

‘கேள்’ என்பதும் அவ்வாறே. ஒலி காதில் விழுவது ‘ஹியர்’, செவி கொடுப்பது ‘லிஸன்’, வினவுவது ‘ஆஸ்க்’. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான ‘கேள்வி’ வினாவைப் பற்றியதன்று, செவிவழிக் கல்வியைப் பற்றியது என்பதை இங்கே நினைவு கூரலாம்.

‘சொல்’ என்பதற்குச் ‘சே’, ‘டெல்’ என இரண்டு. ‘டெல்’ பொதுவாக யாரிடம் என்பதை உடனே கேட்கும். ‘டெல் மீ’ என்போம். ‘சே’ என்பதற்கு என்ன என்பது போதும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் இடையில் ‘டு’ வர வேண்டும்.

நம் பாடங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது ‘கண்டுபிடி’. முன்பே இயற்கையில் இருந்ததை அறிவது ‘டிஸ்கவர்’. இல்லாததை ஆக்குவது ‘இன்வென்ட்’. ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிர்களையும், கியூரி தம்பதியர் 1898இல் ரேடியத்தையும், சர் சி. வி. இராமன் 1928இல் தம் பெயர் தாங்கும் ஒளிச் சிதறலையும் கண்டது ‘டிஸ்கவர்’. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது ‘இன்வென்ட்’. இராமன் ஒளிச் சிதறலை ‘இன்வென்ட்’ செய்தார் என்று எழுதினால், இயற்கையின் பண்பை அவரே செய்து வைத்ததாக ஆகிவிடும். தவறு அங்கே இலக்கணத்தோடு நிற்பதில்லை, அறிவியலிலும் புகுந்துவிடுகிறது.

வழக்காறுகளும் தனி. நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘டேக்’, ‘ஈட்’ அன்று. நாம் விளக்கைப் போடுகிறோம். வெறும் ‘புட்’ என்றால் விளக்கை எங்கோ தூக்கி வைப்பதாகிவிடும். இவற்றை ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஐயம் வரும்போது நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. எழுத விரும்பும் வாக்கியத்தை முதலில் முழுத் தமிழ் வாக்கியமாக மனத்தில் அமைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது தானே நிகழ்கிறதா, ஒருவர் நிகழ்த்துகிறாரா? யாரை நோக்கி நிகழ்கிறது? இந்தத் தமிழ் வினைக்கு ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் உண்டா? முதலிரண்டு கேள்விகளுக்குத் தமிழே விடை தரும். மூன்றாவதற்கு அகராதியைப் புரட்டுகிறேன். 1948இல் வெளிவந்த ஹார்ன்பியின் ஆங்கில அகராதி, பிறமொழியினர் கற்பதற்கென்றே அமைக்கப்பட்டு, வினையைத் தொடர்ந்து வாக்கியம் எவ்வாறு அமையும் என்பதையும் காட்டியது. அவ்வழியில் வந்த அகராதிகள் நமக்குப் பெருந்துணை. பொருளை மட்டும் குறிக்காமல், வினை வரும் வாக்கியம் முழுவதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நலம்.

தோழர்களே! தமிழ்வழியில் வந்தோம் என்பதற்காக ஆங்கில வகுப்பில் தலைகுனிய வேண்டியதில்லை. நாம் வெறுங்கையோடு வரவில்லை. தன்வினையையும் பிறவினையையும், தன்மையையும் படர்க்கையையும் பிழையின்றிப் பிரித்தறியும் மொழியறிவோடு வந்திருக்கிறோம். அடுத்த முறை பேனா தயங்கி நிற்கும்போது, முதலில் தமிழில் உரசிப் பாருங்கள்.