மார்கழி, தைக் கேரட்: எண்ணாமல் எடை போட்டு வாங்குங்கள்

ஜமுனாமரத்தூர், புதூர்நாடு வட்டாரக் குடும்பங்களுக்கான பருவகால ஆலோசனை

ஜவ்வாது மலை வீடுகளில் அறுவடை முடிந்து புதுச் சாமை இருக்கும் நேரம் இது. குளிரில் விளைந்த கேரட்டுக்கு இனிப்பு கூடுதல் என்பதால் கேரட் வாங்கவும் இதுவே நல்ல பருவம். ஆனால் சமையல் குறிப்புகளில் "கேரட் 2" என்றுதான் எழுதியிருக்கும். 50 கிராம் கேரட்டும் உண்டு, 200 கிராம் கேரட்டும் உண்டு. எண்ணிப் போட்டால் ஒரு நாள் உப்புமா தித்திக்கும், மறுநாள் கேரட் இருந்த இடமே தெரியாது. இந்தப் பருவத்தில் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தக் கேரட்?

ஆரஞ்சு நிறத்தில், நுனி மழுங்கி இருப்பதை ஊட்டிக் கேரட் என்கிறோம். நீலகிரியில் விளைவது மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாகப் பல ஊர்களுக்கும் போகிறது. பொரியல், சாம்பார், உப்புமா, கிச்சடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குளிர்காலத்தில் மட்டும் வரும் நீளமான சிவப்பு நிறக் கேரட்டை டெல்லிக் கேரட் என்பார்கள். இதில் சாறும் இனிப்பும் அதிகம். அல்வாவுக்கும் பாயசத்துக்கும் எடுங்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம், பெருவிரலைவிடக் கொஞ்சம் கூடுதலான தடிமன்: வீட்டுச் சமையலுக்கு இதுவே சரியான அளவு. இப்படிப்பட்ட கேரட் ஒன்று சுமார் 75 கிராம் இருக்கும். கிலோவுக்கு 12 முதல் 14 வரை நிற்கும். 200 கிராமைத் தாண்டிய முற்றல் கேரட்டில் நடுத்தண்டு கட்டையாகி, வேகவும் நேரமாகும். தழை முளைக்கும் தலைப்பகுதி அகலமாக இருந்தால் உள்ளே தண்டும் பெரிதாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வளைத்துப் பாருங்கள்: விறைப்பாக நின்றால் புதியது, ரப்பர் போல வளைந்தால் நீர் வற்றியது. தலையில் பச்சை நிறம் இருந்தால் மண்ணுக்கு வெளியே வெயில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதி லேசாகக் கசக்கும். வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். கிளை பிரிந்த கேரட் கல்மண்ணில் வளர்ந்திருக்கும், ருசியில் குறை இல்லை. வெடித்தது, கொழகொழப்பானது, வேர்மயிர் அடர்ந்தது வேண்டாம்.

கூறு வேண்டாம், தராசு வேண்டும்

சந்தையில் காய்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். மேலே நல்லதும் அடியில் முற்றலும் இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கூறாக வாங்குவதானால் பிரித்துப் பார்த்து, எடை போடச் சொல்லி வாங்குங்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி வியாபாரத் தராசில் முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. முத்திரை எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

தலையும் தோலும் போக, அரைக் கிலோவில் சுமார் 430 கிராம் சமையலுக்கு மிஞ்சும். இளங்கேரட்டானால் தோலைச் சீவ வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

நான்கு பேருக்கு எவ்வளவு?

• பொரியல்: 400 கிராம்.
• சாம்பார்: மற்ற காய்களோடு 150 கிராம்.
• சாமை உப்புமா அல்லது கிச்சடி: ஒரு டம்ளர் சாமைக்கு 100 கிராம் கேரட், இரண்டரை டம்ளர் தண்ணீர். இரண்டு டம்ளர் சாமை என்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்.
• அல்வா: அரைக் கிலோ துருவல், அரை லிட்டர் பால், 150 கிராம் சர்க்கரை.

வீட்டில் தராசு இல்லையா? 200 மி.லி. டம்ளரே போதும். துருவிய கேரட் ஒரு டம்ளர் ஏறத்தாழ 90 கிராம், பொடியாக நறுக்கியது ஏறத்தாழ 105 கிராம்.

சாமை சீக்கிரம் வெந்துவிடும். அதனால் உப்புமாவுக்குக் கேரட்டைத் துருவியோ மிகப் பொடியாக நறுக்கியோ போடுங்கள். முதலில் எண்ணெயில் வதக்குங்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும். வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் அது நன்றாக உடம்பில் சேரும். வளரும் குழந்தைகளின் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் இது தேவை.

கவனம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சைக் கேரட்டை வட்டமாகவோ துண்டாகவோ கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். துருவியோ மசிய வேகவைத்தோ கொடுங்கள்.

வைத்திருக்கும் முறை

தழை இருந்தால் வாங்கிய அன்றே நறுக்கிவிடுங்கள். அது கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். இயந்திரத்தில் கழுவிப் பளபளப்பாக வருவதைவிட மண் ஒட்டிய கேரட் அதிக நாள் தாங்கும், சமைக்கும்போது கழுவினால் போதும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரத் துணியில் சுற்றியோ ஈர மணலில் புதைத்தோ நிழலில் வையுங்கள். வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள். பழம் கனியும்போது வரும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்கச் செய்யும்.

இந்த வாரச் சந்தையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கணக்கிட்டு, நடுத்தர அளவுக் கேரட்டாகப் பொறுக்கி, எடை போட்டு வாங்குங்கள். நம் மலைச் சாமையோடு அளவறிந்து சேருங்கள். காசும் வீணாகாது, குழந்தைகளும் தட்டில் ஒதுக்காமல் சாப்பிடுவார்கள்.