அடுத்த பந்தி

தஞ்சை வளநாட்டில் நீடாமங்கலம் என்பது வழிகள் பிரியும் ஊர். அதன் அருகே மூணாறு தலைப்பு என்னும் இடத்தில் வெண்ணாற்றினின்று கோரையாறும் பாமணியாறும் பிரிந்து செல்கின்றன. தஞ்சாவூரினின்று திருவாரூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மன்னார்குடிக் கிளை பிரிவதும் இவ்வூரிலேதான். பல்லாண்டுகள் வண்டியின்றிக் கிடந்த அக்கிளையில் 2011 ஆம் ஆண்டில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிற்று. வழிகள் பிரியும் ஊர், காத்திருப்போர் நிறைந்த ஊராகவும் இருத்தல் இயல்பே. ரயில்வே கேட் மூடப்பட, இருமருங்கும் பேருந்துகளும் நெல்மூட்டை ஏற்றிய லாரிகளும் நெடுந்தொலைவு நிற்கும் காட்சியை இவ்வூரார் நீண்ட காலம் கண்டு பழகியவர். காத்திருப்போர்க்குப் பசி எடுக்கும். பசித்தோர் உணவுவிடுதியை நாடுவர்.

இத்தகைய ஊரின் உணவுவிடுதி ஒன்றனை நண்பகல் வேளையில் மனக்கண்ணால் காண்போம். மேசைகள் பத்து, பத்திலும் ஆட்கள். சுவரோரத்து மேசையில் நால்வர் உண்டு முடித்து ஒரு நாழிகை ஆயிற்று. இலைகள் எடுக்கப்பட்டன, மேசை துடைக்கப்பட்டது, பின்னர் வந்த காப்பியும் பருகப்பட்டு, டம்ளரின் விளிம்பில் நுரையும் உலர்ந்துவிட்டது. பேச்சு மட்டும் உலரவில்லை. நெல் விலையில் தொடங்கிய அது, உறவினர் வீட்டுத் திருமணத்தைத் தொட்டு, தேர்தலுக்குள் புகுந்து, மீண்டும் நெல் விலைக்கே வந்து நின்றது. வாயிலருகே கைக்குழந்தையுடன் ஒரு தாய் நிற்கிறாள். மருத்துவரைக் கண்டு திரும்பும் முதியவர் ஒருவர் தூணைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். மன்னார்குடிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய இளைஞன் ஒருவன் கடிகாரத்தையும் மேசைகளையும் மாறிமாறி நோக்குகிறான். பரிமாறுவோர் நால்வர்பால் வந்து, “வேறு ஏதேனும் கொண்டு வரட்டுமா, ஐயா?” என்று பணிவுடன் வினவுகிறார். “ஒன்றும் வேண்டாம்” என்னும் விடை உடனே கிடைக்கிறது. அவ்வினாவின் உட்பொருளை நால்வருள் ஒருவரும் உணர்ந்திலர்.

இந்நால்வர் தீயவர் அல்லர். தம் வீட்டிற்கு வந்தவரைத் திண்ணையில் நிறுத்திவிட்டுத் தாம் உண்ண ஒருகாலும் மனம் துணியாதவர். விருந்தினர் உண்ட பின்னரே உண்ணும் அன்னையர் வயிற்றில் பிறந்தவர். அத்தகையோர் விடுதியில் மட்டும் இவ்வாறு ஒழுகுவது ஏன்? வீட்டில் பசித்தவர் முகம் கண்ணெதிரே இருக்கிறது. விடுதியில் அது முதுகுக்குப் பின்னே இருக்கிறது. அன்றியும், வழிவழியாக நாம் பயின்ற உணவு ஒழுக்கம் வீட்டுக்கும் விருந்துக்கும் வகுக்கப்பட்டது. விலைக்கு உணவு விற்கும் இடத்துக்கு வகுக்கப்பட்டதன்று.

பழந்தமிழர் உண்ணும் முறைக்கு இலக்கணமே கண்டவர். பெருவாயின் முள்ளியார் நூறு வெண்பாக்களால் இயற்றிய ஆசாரக்கோவை, பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. எத்திசை நோக்கி அமர்தல் வேண்டும், எச்சுவையை முதலில் உண்ணல் வேண்டும், எவ்வாறு வாய் பூசல் வேண்டும் என்பனவெல்லாம் அதன்கண் கூறப்பட்டுள்ளன. விருந்தினர்க்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும், பசுவுக்கும் பறவைக்குங்கூட உணவளித்த பின்னரே இல்லத்தார் உண்ணல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. பெரியோருடன் உண்ணும்போது அவர்க்கு முன்னே உண்ணத் தொடங்குதலும், அவர்க்கு முன்னே எழுதலும் ஆகா என்றும் அது விதிக்கிறது.

இப்பின்னைய விதி கருதத்தக்கது. பந்தியில் முந்தி எழுதல் இழுக்கு. பக்கத்து இலைக்குரியவர் மோர்ச்சோறு உண்டுகொண்டிருக்க, தாம் எழுந்து கை கழுவச் செல்வோரைப் பெரியோர் இன்றும் கடிந்துகொள்வர். உடன் அமர்ந்தோர் அனைவரும் முடிக்கும் வரை இலைமுன் பொறுத்திருத்தலே பண்பு. ஆகவே நம்மவர் குழந்தைப் பருவம் முதல் பயின்றது, எழாதிருத்தல் என்னும் ஒழுக்கமே. விடுதியில் நீடிக்க இருப்பவர் ஒருவகையில் அப்பழக்கத்தையே அறியாது பின்பற்றுகிறார் எனலாம். ஆயினும் பந்திக்குத் தலைவர் ஒருவர் உண்டு என்பதை அவர் மறந்துவிடுகிறார். முற்றத்தில் எத்துணைப் பேர் காத்திருக்கின்றனர் என்பது வீட்டுக்காரர்க்குத் தெரியும். கடைசி இலையில் மோர் விழுந்ததும், “அடுத்த பந்திக்கு இலை போடுங்கள்” என்று அவர் குரல் கொடுப்பார். அக்குரல் கேட்டபின் இலைமுன் இருந்து கதை பேசுவார் எவரும் இலர். முதற்பந்தியார் ஒருசேர எழுவர், அடுத்த பந்தியார் ஒருசேர அமர்வர். எழாதிருத்தலும் எழுதலும் ஆகிய இரண்டும் அங்கே பிறர்பொருட்டே நிகழ்வன.

சத்திரங்களிலும் இக்குரல் உண்டு. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் தஞ்சை மராத்திய அரசர் காலத்து அறச்சாலை. இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டில், தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்குத் தம் நாட்டுச் சத்திரங்களின் நடைமுறையை விளக்கிக் கடிதம் ஒன்று எழுதினார். வழிப்போக்கர் எக்குலத்தவராயினும் அவர்க்குச் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை விரும்பாதார்க்கு அரிசியும் சம்பாரமும் தரப்பட்டன. நோயுற்றார் குணமாகும் வரை தங்கி மருந்தும் உணவும் பெற்றனர். இவையனைத்தும் சிறந்தனவே எனினும், அக்கடிதத்தில் நெஞ்சைத் தொடும் செய்தி வேறொன்று. நள்ளிரவு வரை உணவு வழங்கப்பட்டபின், மணி ஒன்று அடிக்கப்பட்டு, இன்னும் உண்ணாதார் எவரேனும் இருப்பின் வந்து உண்க என அறிவிக்கப்பட்டது. உண்டவரை எண்ணுதல் எளிது. உண்ணாதவரைத் தேடுதல் அரிது. அம்மணியின் ஓசை இருட்டில் நின்றவரைத் தேடிச் சென்றது.

விடுதியில் அடுத்த பந்திக்குக் குரல் கொடுக்கும் தலைவர் இலர்; மணியும் இல்லை. உரிமையாளர் வாய் திறந்தால் வாடிக்கை போகும். பரிமாறுவோர் வாய் திறந்தால் அவர் வேலையே போகக்கூடும். ஆதலால் அவர்கள் குறிப்பால் உணர்த்துவர். துடைத்த மேசையை மீண்டும் துடைப்பது ஒரு குறிப்பு. தண்ணீர் டம்ளரை எடுத்துச் செல்வது ஒரு குறிப்பு. கேளாமலே பில்லைக் கொணர்ந்து வைப்பது அவற்றுள் கூரியது. தேநீர்க் கடைகளில் ‘இங்கே அரசியல் பேசாதீர்’ என்று எழுதித் தொங்கவிடும் பலகையும் இவ்வகையைச் சார்ந்ததே. கடைக்காரருக்கு அரசியலின்மீது பகையில்லை. ஒரு தேநீருக்கு ஒரு பெஞ்சு முற்பகல் முழுதும் அடைபட்டுக் கிடத்தலே அவர் துன்பம். எனினும் அப்பலகைக்கு நேர் கீழே அமர்ந்து அரசியல் பேசுவதே நம் நாட்டு வழக்கம் என்பது வேறு செய்தி.

“காசு கொடுத்தே உண்டோம், இருக்க உரிமை இல்லையா?” என்பர் சிலர். காசு கொடுத்தது உணவுக்கு. உண்ணும் வரை அமர இடம் அதனோடு சேர்ந்து வருவது. பேருந்தில் மன்னார்குடி வரை சீட்டு வாங்கியவர், மன்னார்குடியில் இறங்காது இருக்கையில் நிலைத்திருக்க வழக்காடுவதில்லை. அன்றியும் காத்து நிற்பவரின் காசும் அதே காசுதான். சிலபோது அது அன்று அவரிடத்துள்ள முழுக் காசாகவும் இருக்கும்.

நீடிக்க இருத்தல் எவ்விடத்தும் குற்றம் என்று கொள்ளுதல் பிழை. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வர்டு லாயிடு என்பவரின் காப்பிக்கடையில் கப்பல் வணிகர் நாள்தோறும் கூடியிருந்து பேசிய பேச்சே, பின்னர் உலகப் புகழ்பெற்ற லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனமாக வளர்ந்தது. வியன்னா நகரத்துக் காப்பியகங்களில் ஒரு கோப்பையுடன் நெடுநேரம் செய்தித்தாள் படித்திருத்தல் மரபு. கல்கத்தாவின் கல்லூரித் தெருக் காப்பியகத்தில் மாணவரும் எழுத்தாளரும் பொழுது மறந்து உரையாடினர். நம் ஊர்ச் சிற்றுண்டிச்சாலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேசைகள் வெறிதே கிடக்கும்போது, நண்பர் இருவர் காப்பியைச் சாக்காக வைத்துக்கொண்டு எத்துணை நேரம் இருந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. கடைக்கும் அஃது ஓர் அழகே. இருத்தலைக் குற்றமாக்குவது வாயிலில் நிற்கும் ஆள் ஒருவரே.

அந்நிற்பவர்க்கும் ஒழுக்கம் உண்டு. இக்காலத் திருமண மண்டபங்களில் மேசைப்பந்தி நடைபெறும்போது காணும் காட்சி வருந்தத்தக்கது. பாயசம் விழும் முன்பே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னும் ஒருவர் வந்து, அதன் முதுகைப் பற்றிக்கொண்டு நிற்பார். உண்பவரின் கவளத்தை அவர் கண் எண்ணும். உண்பவர் வயதானவராயின், பல்லில்லா வாயால் மென்று விழுங்குவதற்குள் தலைக்குமேல் பெருமூச்சு ஒன்று கேட்கும். அவர் பாதி உணவிலே இலையை மடித்துவிடுவார். பசித்தவரை நிறுத்திவைத்தல் பிழையாயின், உண்பவரை எழுப்புதல் அதனினும் பெரும்பிழை. மெல்ல உண்பவர் வேறு. உண்டபின் இருப்பவர் வேறு. முன்னவர்க்கு இருக்கை உரியது. அவர் ஒரு மணி நேரம் உண்டாலும் உரியதே. காத்திருப்பவர் சற்று விலகி, உண்பவர் கண்ணிற் படாத இடத்தில் நிற்றலே தகும்.

இனி, காத்திருத்தல் பற்றிய பேச்சில் நீடாமங்கலத்தார் மறக்கவொண்ணாத செய்தி ஒன்று உண்டு. 1937 ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வூரில் காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. அதனையொட்டி நிகழ்ந்த விருந்தில், பிறரோடு பந்தியில் அமர்ந்து உண்ட தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர், அமர்ந்த அக்குற்றத்திற்காகவே பின்னர் அடிக்கப்பட்டனர், தலை மழிக்கப்பட்டனர், சாணிப்பால் குடிக்கச் செய்யப்பட்டனர். ‘விடுதலை’ நாளேடு அச்செய்தியை வெளியிட்டு நாடறியச் செய்தது. அக்காலத்து உணவுவிடுதிகளிலும் பார்ப்பனர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்ற பிரிவு இருந்தது; ஒரு சாரார்க்கு வாயிலே அடைபட்டிருந்தது. ரயில் நிலைய உணவுச்சாலைகளில் அப்பிரிவு பெரியாரின் முயற்சியால் 1941 இல் நீங்கிற்று. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 15 ஆம் உறுப்பில், சாதி முதலிய காரணம் பற்றிக் கடைகளிலும் பொது உணவுவிடுதிகளிலும் எவரையும் தடுத்தலாகாது என வரையறுத்தது. 17 ஆம் உறுப்பு தீண்டாமையையே ஒழித்தது.

ஆகவே இன்று விடுதியின் வாயிலில் நிற்பவர்க்கும் உள்ளே அமர்ந்தவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே: அவர் முன்னே வந்தார், இவர் பின்னே வந்தார். பிறப்பால் முன் பந்தி, பிறப்பால் பின் பந்தி என்றிருந்த ஊரில் வருகையால் வரிசை என்னும் நிலை வந்தது சிறிய மாற்றமன்று; அதற்காக அடிபட்டவர் உளர். வரிசை நகர்ந்தால்தான் அது வரிசை. ஒருவர் உண்டபின்னும் எழாதிருப்பின், பின்னே வந்தவர் வெறும் பின்னவராக நில்லாது, இடமில்லாதவராகவே ஆகிவிடுகிறார். அவர் வாய் திறந்து கேளார் என்பதே இதில் உள்ள கொடுமை.

காவிரிப் பாசனத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணை 1934 இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னும், நீர் குறைந்த ஆண்டுகளில் ஆறுகளுக்கு முறைவைத்தே நீர் விடுவர். ஊருக்குள்ளும் வயலுக்கு வயல் முறை உண்டு. தலைமடையில் உள்ளவர் தம் வயல் நிறைந்தபின் மடையை அடைத்துவிடுதல் வேண்டும். நிறைந்த வயலில் மேலும் நீர் நின்றால் அவர்க்குப் பயனில்லை. பயிர்க்குக் கேடும் உண்டாகலாம். அவ்வளவில் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். இரவில் விளக்குடன் வரப்பில் நடந்து, தம் மடையைத் தாமே அடைத்துவிட்டுத் திரும்பும் உழவரை எவரும் ஏவுவதில்லை. கடைமடைக்காரரை அவர் கண்டிருக்கவும் மாட்டார்; நீர் கீழே போக வேண்டும் என்பது மட்டும் அவர்க்குத் தெரியும்.

உண்டு முடித்ததும் ஒருமுறை திரும்பி வாயிலை நோக்குதல் எவர்க்கும் அரிய செயலன்று. அங்கே ஒருவரும் இல்லையெனில் மற்றுமொரு காப்பி சொல்லலாம். எவரேனும் நிற்பின், பில்லுக்குரிய காசைக் கொடுத்து எழுந்து, அவரை நோக்கி, “வாருங்கள், இப்படி உட்காருங்கள்” என்று ஒரு சொல் சொல்லலாம். பேச்சு எஞ்சியிருக்குமாயின், நீடாமங்கலத்தில் அதற்கு இடமா இல்லை? ரயில் நிலைய மேடையில் பெஞ்சுகள் உள. வெண்ணாற்றங்கரையில் மர நிழல் உண்டு. வெற்றிலைபாக்குக் கடை வாயிலில் நின்று பேசினால் நெல் விலையைப் பற்றிக் கருத்துரைக்க மேலும் இருவர் கிடைப்பர்.