ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக் கணக்கு எழுதலாமா?

கேள்வி: எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியன்களுக்குக் கடனில் சரக்குக் கொடுப்பேன். மற்றவர்கள் ஜிபே செய்வார்கள், கார்டு தேய்ப்பார்கள். கணக்கு எழுதும் பெண் மாதம் இரண்டு முறை வந்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து டாலியில் ஏற்றுகிறார். பேங்க் இருப்பு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்று பார்த்தால் ஒன்றும் சரியில்லை. சஸ்பென்ஸ் கணக்கில் நாலு லட்சம் நிற்கிறது என்று ஆடிட்டர் சத்தம் போடுகிறார். கோளாறு எங்கே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்டேட்மென்ட்டையே பார்த்து எழுதினால் பேங்க் இருப்பு ஒத்துப்போகாமல் எங்கே போகும்? அதை வைத்துக் கணக்கு சரி என்று நம்பாதீர்கள். உங்கள் வியாபாரம் நடப்பது கல்லாவில். பணம் வந்த தேதி மட்டும்தான் பேங்குக்குத் தெரியும்.

மார்ச் 28 அன்று ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஒயர் வாங்குகிறார், 18% ஜிஎஸ்டியோடு பில் 11,800. அன்றைக்கே சேல்ஸ் வவுச்சர் போட வேண்டும். அவர் பெயரில் 11,800 பற்று. விற்பனையில் 10,000, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியில் தலா 900 வரவு. ஏப்ரல் 25-ல் அவர் 11,000 அனுப்பினால் அது ரசீது வவுச்சர். பேங்க் பற்று, அவர் கணக்கு வரவு, இன்னும் 800 பாக்கி. உங்கள் கடையில் அந்த 11,000 ஏப்ரல் விற்பனையாக ஏறியிருக்கும், இல்லையென்றால் சஸ்பென்ஸில் விழுந்திருக்கும். விற்பனை ஒரு நிதியாண்டு தள்ளிப்போய்விட்டது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், அதற்கான வரியை ஏப்ரல் 20-க்குள்ளேயே கட்டியிருக்க வேண்டும். பணம் வந்ததா என்று ஜிஎஸ்டி பார்ப்பதில்லை, பில் தேதியைத்தான் பார்க்கும்.

கார்டு விஷயத்தில் இன்னும் நுணுக்கமாகத் தவறுவார்கள். ஒரு நாள் 50,000 ரூபாய்க்குக் கார்டு தேய்த்திருக்கிறீர்கள். கமிஷன் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 750. அதற்கு ஜிஎஸ்டி 135. மறுநாள் பேங்கில் விழுவது 49,115. அதையே விற்பனை என்று எழுதினால் விற்பனை குறைகிறது, கமிஷன் செலவு காணாமல் போகிறது, உள்ளீட்டு வரியாக எடுக்கக்கூடிய 135-ம் கைநழுவுகிறது. ‘கார்டு வசூல்’ என்று ஒரு லெட்ஜர் திறக்கச் சொல்லுங்கள். விற்ற அன்று அதில் 50,000 பற்று. பணம் வந்ததும் மூன்றாகப் பிரித்து அதை நேர் செய்ய வேண்டும். அந்த லெட்ஜரில் எப்போதும் கடைசி ஓரிரு நாள் தொகைதான் நிற்க வேண்டும். பழைய தொகை நின்றால் எந்த நாள் வசூல் வரவில்லை என்று உடனே தெரியும், மெஷின் கம்பெனியைக் கேட்கலாம்.

மற்றவை சுலபம். கல்லாப் பணத்தைப் பேங்கில் கட்டினால் அது கான்ட்ரா (டாலியில் எஃப்4), விற்பனை அல்ல. பிள்ளைக்குக் கட்டிய ஸ்கூல் ஃபீஸ் டிராயிங்ஸ், கடைச் செலவு அல்ல. உங்கள் நாலு லட்சத்தில் பாதி இந்த இரண்டாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். பில் கட்டைக் கொடுக்காமல் ஸ்டேட்மென்ட்டை மட்டும் நீட்டினால் யார் எழுதினாலும் இப்படித்தான் வரும். தினமும் கடை சாத்துமுன் பில்களை ஏற்றிவிடுங்கள், அவர் வரும்போது பேங்கோடு ஒப்பிட்டுத் தரட்டும். பழைய சஸ்பென்ஸை ஜிபே குறிப்பில் உள்ள பெயர்களைக் கொண்டு, பெரிய தொகையிலிருந்து பிரிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: போன மாத பில் ஒன்றில் விலை கூடுதலாக விழுந்துவிட்டது. டாலியில் அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?
– வாசகி, கரூர்

பதில்: கூடாது. ஜிஎஸ்டிஆர்-1-ல் அந்த பில் போய்விட்டது. வாங்கியவரும் அதை வைத்து வரி எடுத்திருப்பார். கூடுதல் தொகைக்குக் கிரெடிட் நோட் போட்டு, அதை அடுத்த ரிட்டர்னில் காட்டுங்கள். அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் அவகாசம். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் எந்தத் திருத்தமும் பதிவாகும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். அழித்தாலும் அழித்தது ஆடிட்டர் கண்ணில் படும்.