நாகதாளியிடம் படிப்போம்

கனமூலையிலும் அயலூர்களிலும் தோட்டம் செய்வோருக்குக் கோடையைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. மாரி மழை ஓய்ந்து, சித்திரை மழையும் போனபின், சோளகக் காற்று மணலை வாரி வீசுகிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. 1990இல் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, வேறு மண்ணில் பழகிய கையோடு இங்கே மிளகாய் நட்ட குடும்பங்கள் இதைப் பட்டுத்தான் அறிந்தன.

அதே கோடையில் கரையோர நாகதாளி ஒரு குடம் தண்ணீரும் கேளாமல் பச்சையாக நிற்கிறது. எப்படி?

நாகதாளி உயிர்வாழும் விதம்

1. இலை இல்லை. நாம் இலை என்று எண்ணும் தடித்த மட்டை உண்மையில் தண்டு. இலைகளே முள்ளாக மாறியுள்ளன. ஆகவே நீர் ஆவியாகும் பரப்பு குறைவு. மட்டையின் மேல் மெழுகுப் பூச்சும் உண்டு.

2. சேமிப்பு உண்டு. மட்டையை வெட்டினால் கொழகொழப்பான சாறு வரும். அது நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும்.

3. இரவில் மூச்சு விடுகிறது. பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. அப்போது நீரும் வெளியேறுகிறது. நாகதாளியோ குளிர்ந்த இரவில் திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் புளிப்புப் பொருளாக்கி வைத்து, பகலில் மூடிக்கொண்டு உணவு தயாரிக்கிறது.

4. வேர் மேலாகப் பரவுகிறது. சிறு தூறலையும் அது தவறவிடாது. மழை கண்டதும் புது வேர் விடும். காய்ந்ததும் நுண்வேர்களை உதிர்த்துவிடும்.

நமது பயிருக்கு

மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்த வல்லமை இல்லை. நாகதாளி தானே செய்வதை அவற்றுக்கு நமது கைதான் செய்ய வேண்டும்.

மெழுகுக்குப் பதிலாக, சருகாலும் வைக்கோலாலும் மண்ணை மூடுங்கள். சாறுக்குப் பதிலாக, நடும் குழியில் தேங்காய்ப் பொச்சும் மக்கிய எருவும் இடுங்கள். பகல் வெயிலைத் தவிர்த்து, மாலையிலோ விடியற்காலையிலோ நீர் ஊற்றுங்கள். காற்று வரும் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். கரையோரக் கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வாளியும் கிணற்றைக் காக்கிறது.

வேலிக்கு வேண்டாம்

நாகதாளி செலவில்லாத வேலி என்று சிலர் நடுவதுண்டு. அவசரப்பட வேண்டாம். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. விழுந்த மட்டை வேர் பிடிக்கும். பழம் தின்ற பறவை விதை பரப்பும். தென்னிந்தியாவில் இது நிலங்களை மூடிவிட்டதால், 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதில்பூச்சியைக் கொண்டுபோய் விட்டே அடக்கினார்கள். பழத்திலும் மட்டையிலும் உள்ள நுண்முட்கள் பிள்ளைகளின் கையிலும் ஆடுமாடுகளின் வாயிலும் ஏறும். இரவல் காணியில் நட்டால், நாளை நாம் போனபின்னும் முள் அங்கே நிற்கும். கிளுவையோ பூவரசோ கதியாலாக நடுங்கள். ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும்.

அகற்றுவதானால், வெட்டிய மட்டைகளை மண்ணில் விடாமல் கல்லின்மேல் குவித்து, நன்றாகக் காய்ந்தபின் எரியுங்கள்.

இறைவன் வறண்ட நிலத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துப் படிப்பது நம் வேலை.

கூடிப் பேசுவதற்கு

1. நமது தோட்டத்தில் தண்ணீர் எங்கே வீணாகிறது?
2. மண்ணை மூட நமது வீட்டைச் சுற்றி என்ன கிடைக்கிறது?
3. பொதுக் கிணற்று நீரை எப்படிப் பங்கிடலாம்?