உரசும் டிஸ்க் பிரேக்கும் உராய்வுப் பாடமும்

எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தும்போது, டிஸ்க் பிரேக் உள்ள மாணவர் சைக்கிள் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொல்வேன். பிரேக் உரசும் சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, "ஸ்பேனரை எடுக்காதீங்க, முதல்ல கேளுங்க" என்பேன்.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் 'சர்க்' என்றால் வட்டத் தட்டு வளைந்திருக்கலாம். விடாமல் உரசினால், பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிப்பர் விலகியிருக்கலாம். சக்கரமே சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். சத்தம் என்றதும் பிள்ளைகள் சொல்வது எண்ணெய்தான். இங்கே நான் நிதானமாக நின்றுவிடுவேன். சங்கிலிக்கு எண்ணெய் சரி. பிரேக்குக்கு உராய்வுதானே வேண்டும்? எண்ணெய் பட்ட பிரேக் சரிவில் பிடிக்காது. தட்டில் விரலும் படக்கூடாது. சுழலும்போது அதன் துளைகளில் விரல் சிக்கினால் ஆபத்து.

முதலில் சக்கரத்தைச் சரியாக அமர்த்துவோம். பிறகு காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் சற்றே தளர்த்தி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அவற்றை மாறி மாறி இறுக்குவார். பின்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் இருபக்க இடைவெளியும் தெரியும். மைதானத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிப்பதைப் பார்த்த பிறகே சைக்கிள் வீட்டுக்குப் போகும். வளைந்த தட்டை நிமிர்த்துவதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறேன்.