கீழாநெல்லியை எலிக்குக் கொடுக்கும் முன்

மூலிகை ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் தரமணியோ அரும்பாக்கமோ, எந்த லேபில் சேர்ந்திருந்தாலும் இவை பொருந்தும்.

1. முதலில் செடி எதுவென்று உறுதி செய்யுங்கள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி கேட்டால் காய்ந்த பொட்டலம் கிடைக்கும். உள்ளே இருப்பது முழுக்க பில்லாந்தஸ் அமாரஸ்தானா? தென்னிந்தியச் சந்தையில் அந்தப் பெயரில் அதன் உறவுச் செடிகளும் கலந்து வருவதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூவும் காயுமாகப் பச்சைச் செடியைப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் காட்டி, ஹெர்பேரியம் எண் வாங்கிய பிறகு அரையுங்கள். இன்னதென்று தெரியாத பொடிக்கு எலிகளைப் பலி கொடுப்பது பாவம். ஆய்வுக்கும் அதனால் பயனில்லை.

2. எலிக்கு வராத நோய்க்கு எலி எதற்கு? ஹெபடைடிஸ் பி வைரஸ் எலியைத் தொற்றாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனோடு கீழாநெல்லிச் சாற்றைச் சோதனைக் குழாயில் சேர்த்துப் பார்த்து 1982இல் எழுதினார்கள். 1988இல் 'லான்செட்' இதழில் மனிதர்களிடம் கண்ட முடிவு வந்தது: 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். இடையில் அமெரிக்காவில் வுட்சக் என்னும் கொறிவிலங்கிலும் சோதித்தார்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: பிற நாடுகளில் செய்த சோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை. சென்னைக் குழுவின் 1982 கட்டுரையில் செடியின் பெயர் பில்லாந்தஸ் நிரூரி, 1988 கட்டுரையில் அமாரஸ். நான் ஏன் செடியிலிருந்து தொடங்கினேன் என்று புரிகிறதா?

3. செல் தட்டும் பொய் சொல்லும். எம்டிடி சோதனையில் மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும். ஆனால் நெல்லிக்காய்ச் சாறு போல ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு மிகுந்த சாறுகள், செல்லே இல்லாத குழியிலும் அதே ஊதாவைக் கொண்டுவரும். செத்த செல்லை உயிரோடு இருப்பதாக எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு தட்டிலும் சாறு மட்டும் போட்ட குழிகள் சில இருக்கட்டும். நியூட்ரல் ரெட் போன்ற இன்னொரு முறையிலும் சரிபாருங்கள். கல்லீரல் செல் என்று எல்லோரும் எடுக்கும் ஹெப்ஜி2வில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் குறைவு. கல்லீரலில் மாறிய பிறகே நஞ்சாகும் பொருள் அதில் சாதுவாகத் தெரியும்.

4. செல் வளர்ப்பில் ஊற்றும் சீரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அது கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது. சீரம் இல்லாத ஊடகமும் மனிதத் தட்டணுச் சாறும் கிடைக்கின்றன. உங்கள் செல்லுக்கு ஒத்துவருமானால் மாறிவிடுங்கள்.

5. சட்டத்தைப் படியுங்கள். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். முடிந்த இடத்திலெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. மருந்து விதிகளில் 158-பியையும் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மூல நூலில் உள்ள மருந்தை, அதில் சொன்ன நோய்க்கே கொடுத்தால் பொதுவாகப் புதிதாகப் பாதுகாப்புச் சோதனை கேட்பதில்லை. நச்சுச் சரக்குகள் சேர்ந்தவை விதிவிலக்கு. தேவையே இல்லாத சோதனைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

6. எலிதான் வேண்டும் என்று ஆனால், பாதி எலிகள் சாகும் அளவைத் தேடும் பழைய முறையை எடுக்காதீர்கள். ஓஇசிடி தன் 401ஆம் வழிகாட்டியை 2002இலேயே கைவிட்டுவிட்டது. அதன் 423, 425ஆம் வழிகாட்டிகளுக்குச் சில எலிகள் போதும்.

7. பலன் இல்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள், ஹெர்பேரியம் எண்ணோடு. அலமாரியில் பூட்டி வைத்தால், வேறோர் ஊரில் வேறொரு மாணவி அதே செடிக்கு மறுபடி கூண்டைத் திறப்பாள்.